அறுபத்து நாலுக்குள் முப்பத்திரண்டைத் திணித்த வெள்ளிக்கிழமை

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. அதிலும் நாலாம் வகுப்பில் பாதி வருஷம் அம்மை போட்டுப் படுத்திருந்தேன். ஞாபகமும் இப்போது முன்னைப்போல் இல்லை. நடந்தது இரண்டாயிரத்து எட்டிலா ஒன்பதிலா என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை என்பதில் சந்தேகம் கிடையாது. அவமானப்பட்ட கிழமை அவ்வளவு லேசில் மறக்காது.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் கம்பம் ஊரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரைக் கொன்றவள் நான்தான். கீழே போடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தட்டிக் கொன்றேன்.

என் தொழில் ஏலக்காய் பொறுக்குவது. மலையிலிருந்து இறங்கும் காயை எங்கள் ஊர்க் குடோன்களில் கொட்டிச் சலித்து, ரகம் பிரித்து, வெடித்த காயைப் பொறுக்கித் தள்ள வேண்டும். எட்டு எம்.எம். சல்லடையில் நிற்பது ஒரு ரகம், அதில் விழுந்து ஏழில் நிற்பது அடுத்த ரகம். முப்பது வருஷம் இதைத்தான் செய்தேன். ஒரு குவியலில் வேறு ரகம் நாலு காய் கலந்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் சொல்லிவிடுவேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.) ஆங்கில எழுத்து எனக்குப் பழகியதும் சாக்கில்தான். தகரத்தில் வெட்டிய எழுத்தை வைத்துக் கறுப்பு மை தடவுவோம். இருபத்தாறும் தெரியும். சேர்த்தால் என்ன அர்த்தம் என்பது மட்டும் தெரியாது.

காய் பொறுக்கும் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். தலைவி பேச்சியம்மா. குடோனுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறைதான் சங்கம். அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் குமுளிப் பக்கம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கேரளத்து வாத்தியார், ஜோசப் மாஷ். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் கம்ப்யூட்டரை ஓட்டுவது லினக்ஸ்தான், அதையே போட்டுத் தருகிறேன் என்றார். சும்மா கிடைக்கும், வைரஸ் வராது, யாராலும் எளிதில் கெடுக்க முடியாது என்றார். (அப்போது என்னைப் பற்றி அவருக்குத் தெரியாது.)

அறைச் சாவி என் கைக்கு வந்ததற்குக் காரணம் என் கூச்சம். "சுபைதாக்கா கிட்டக் குடுங்க. வாய் பேசாதவுக கிட்ட இருந்தாத்தான் ஒரு பொருள் உருப்படியா இருக்கும்" என்றாள் பேச்சி. எனக்கும் அந்த மிஷினைப் பிடித்துப்போனது. மனுஷர்கள் பேசும்போது முகத்தைப் பார்ப்பார்கள், எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இது முகத்தைப் பார்க்காது. திரையில் திறக்கிற கறுப்புச் சன்னலில் நான் தட்டுவேன், அது பதில் சொல்லும். மாஷ் ஒரு நோட்டில் எதை எப்படித் தட்ட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில், "சந்தேகம் வந்தால் நிறுத்தவும். போன் செய்யவும்" என்று தமிழில் எழுதியிருந்தார். ஆறு மாதத்தில் நெட்டிலிருந்து ஒரு மென்பொருளை இறக்கி ஏற்றுகிற அளவுக்கு வந்துவிட்டேன். ஊரில் கம்ப்யூட்டர் மாமி என்றார்கள். அந்தப் பேர்தான் என் தலையைத் திருப்பியது.

இனி ஜீனத். என் தம்பி காதரின் மூத்த மகள், அப்போது இருபத்திரண்டு வயது. என்னோடு காய் பொறுக்க வருவாள், எனக்கு ஆங்கிலத்தை வாசித்துச் சொல்வாள். அவளுக்கு உத்தமபாளையத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் வளைகுடாவில் வேலை. இரண்டு வருஷமாக ஊருக்கு வரவில்லை. போட்டோ மட்டும் வந்தது. காதருக்குக் குடும்பம் பிடித்துவிட்டது.

ஜீனத் ஒருநாள் காய் சலித்துக்கொண்டே சொன்னாள்: "மாமி, எனக்கு அவுககிட்ட ஒன்னே ஒன்னு கேக்கணும். கேட்டுட்டா சரின்னோ வேணாம்னோ சொல்லிருவேன். அத்தா போட்டோவக் காட்டுறாக. போட்டோகிட்ட நான் என்னத்தக் கேக்குறது?"

காதரிடம் போனில் பேச அனுமதி கேட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடி போன்ல தனியாப் பேசுறதா? நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் இல்லக்கா" என்று முடித்துவிட்டான். நான் விடவில்லை. முகம் பார்த்துப் பேசுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறதாம், சங்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் எல்லாரும் உட்கார்ந்திருக்க, எல்லார் காதிலும் விழப் பேசலாம் என்றேன்.

யோசித்தான். "எல்லார் முன்னாலயும்னா சரி. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு நாலு மணிக்கு வைப்போம். அவுகளையும் வரச் சொல்றேன். நடந்தா அவ கேக்கட்டும். நடக்கலேன்னா ஞாயித்துக்கிழமை நான் பேசி முடிச்சுருவேன். அப்புறம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. நடக்குமாக்கா?"

"நடக்கும்" என்றேன். அந்த மென்பொருளை நான் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். இறக்குவதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. நெட்டில் மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டித்தான் வைத்திருப்பார்கள்; நோட்டைப் பார்த்து அதை ஏற்றச் சொல்லித் தட்டினேன். மாட்டேன் என்றது. ஜீனத் வாசித்தாள்.

"மாமி, இந்தப் பொட்டலம் i386-க்கு உள்ளதாம். நம்ம மிஷின் amd64-ஆம். ரெண்டுக்கும் பொருந்தலைங்குது."

"அப்படின்னா?"

நெட்டில் தேடிப் பார்த்தாள். i386 என்பது பழைய மாதிரிக் கம்ப்யூட்டருக்குச் செய்ததாம், முப்பத்திரண்டு பிட்டாம், நம்முடையது புது மாதிரி, அறுபத்து நாலாம். அந்த மென்பொருள்காரர்கள் முப்பத்திரண்டில் மட்டும்தான் செய்து வைத்திருக்கிறார்களாம்.

மாஷுக்குப் போன் செய்தோம். அவர் ஏதோ எஸ்டேட்டில் இருந்தார், டவர் இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். சந்தேகம் வந்தால் நிறுத்தவும் என்றிருந்தது. எனக்குத்தான் சந்தேகமே வரவில்லையே.

எனக்கு வந்தது சல்லடை ஞாபகம். எட்டு எம்.எம். ஓட்டையில் ஆறு எம்.எம். காய் தாராளமாக விழும். அறுபத்து நாலு பெரிய ஓட்டை, முப்பத்திரண்டு அதில் பாதி. பெரியதில் சின்னது போகாமல் எங்கே போகும்? இதுகூடத் தெரியாத மிஷினா என்று அதன்மேல் இரக்கம் வந்தது.

யாரோ ஒரு புண்ணியவான் நெட்டில் வழி எழுதியிருந்தான். தட்டும்போது --force-architecture என்று சேர்த்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு ஏற்றிக்கொள்ளுமாம்.

"மாமி, ஃபோர்ஸ்னா பலவந்தம்" என்றாள் ஜீனத்.

"இருக்கட்டும். பீரோ பூட்டு இறுகிப்போனா பலவந்தமாத்தான தொறக்கோம்."

தட்டினேன். ஏறியது. என் முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதை ஓட்டச் சொன்னேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. ஜீனத் பட்டியல் போட்டுப் பார்த்தாள்.

"இருக்கு மாமி. இந்தா, இங்கனதான் இருக்கு. ஆனா இல்லேங்குது."

இருப்பதை இல்லை என்கிற மிஷினை அன்றுதான் பார்த்தேன். (ஏன் அப்படிச் சொல்லும் என்று மாஷ் பின்னால் விளக்கினார். அந்த மென்பொருளை எழுப்பிவிடுகிற இன்னொரு கோப்பு இல்லையாம். அதைச் சொல்லாமல் இதைச் சொல்லும். மனுஷர்களும் அப்படித்தான்.) நான் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். முப்பத்திரண்டு பாவம், தனியாக வந்து புது ஊரில் முழித்துக்கொண்டு நிற்கிறது. அதன் சொந்தபந்தத்தையும் கூட்டி வந்துவிட்டால் சரியாகிவிடும். அதற்கு எது வேண்டும் என்று தேடினோம். முதலில் வந்த பெயர் libc6. அதிலும் முப்பத்திரண்டு ரகத்தைப் பார்த்து இறக்கினேன்.

அந்த libc என்பது என்ன என்று இப்போது தெரியும். கம்ப்யூட்டரில் இருக்கிற சின்னது பெரியது எல்லா மென்பொருளும் அதன்மேல்தான் நிற்கிறது. அப்போது தெரிந்தது, அது ஒரு பொட்டலம் என்பது மட்டும்.

"மாமி, மாஷ் வரட்டுமே" என்றாள் ஜீனத். அவள் முகம் வெளுத்திருந்தது.

"மாஷ் வர்றதுக்குள்ள உத்தமபாளையத்துக்காரக வந்துருவாக. நீ கேக்க வேண்டியத மனசுல சொல்லிப் பாத்துக்க. இத நான் பாத்துக்கிறேன்."

பலவந்தத்தைச் சேர்த்துத் தட்டினேன். பாதி ஏறும்போது நின்றது. சரி, என்ன ஆனது என்று பார்க்கலாமென்று, தினமும் தட்டுகிற சின்னக் கட்டளை ஒன்றைத் தட்டினேன். கோப்புகளைப் பட்டியல் போடுவது, இரண்டே எழுத்து. அதற்கு ஒரு நீள வரியில் ஏதோ தப்பு என்று வந்தது, கடைசியில் 32 என்றிருந்தது. வேறொன்றைத் தட்டினேன். அதே வரி. எதைக் கேட்டாலும் அதே வரி. அறுபத்து நாலு நிற்க வேண்டிய அடித்தளத்தில் முப்பத்திரண்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன், ஒன்றாலும் எழுந்து நிற்க முடியவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் மட்டும் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று ஐம்பத்தைந்து.

அப்போதாவது கையை எடுத்திருக்கலாம். எனக்கோ நம்பிக்கை குறையவில்லை. எந்த மிஷினுக்கும் கைகண்ட மருந்து ஒன்று உண்டே, நிறுத்திப் போடுவது. நிறுத்திப் போட்டேன். கறுப்புத் திரையில் நாலைந்து வெள்ளை வரி வந்தது. அதோடு சரி. கடிகாரமும் போய்விட்டது.

ஜீனத் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப ஞாயித்துக்கிழமை முடிச்சுருவாக" என்றாள், யாருக்கோ நடக்கப்போவதைச் சொல்வதுபோல. எனக்குப் பயம் வந்தது அந்த நேரத்தில்தான். மிஷின் போனதற்கு அல்ல.

சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வர வேண்டாம் என்று காதருக்கு ஒரு போன். கூச்சக்காரிக்கு அது முடியாத வேலை. அதற்குப் பதில் அறையைக் கூட்டினேன், நாற்காலிகளைத் துடைத்தேன், செத்த மிஷினுக்குப் பூப்போட்ட துணி போர்த்தினேன்.

மூன்றரைக்கே வந்துவிட்டார்கள். பையனின் அம்மா, அவருடைய அண்ணன், கூட இரண்டு பெண்கள். இந்தப் பக்கம் காதர், பேச்சி. பேரீச்சம்பழத் தட்டை வைத்துவிட்டு, பையனின் அம்மா மிஷினுக்கு நேர் எதிரே உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "ரெண்டு வருசமாச்சு அவன் மொகத்தப் பாத்து. எளைச்சுருக்கானோ என்னமோ" என்றார். நான் துணியை எடுத்தேன்.

"என்னக்கா, இருட்டா இருக்கு?" என்றான் காதர்.

"வருது."

"எப்ப வரும்?"

"சூடாகணும்ல" என்றேன்.

அரை மணி நேரம் எட்டுப் பேர் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பையனின் மாமாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். திடீரென்று எழுந்து திரையைப் பார்த்துக் கையை உயர்த்தி ஸலாம் சொன்னார்.

"யாருக்குண்ணே?" என்றார் தங்கை.

"அந்தா, தாடி வச்சுக்கிட்டு ஒருத்தரு உக்காந்திருக்காரே. அங்கன அவன் கூட வேலை பாக்குறவரா இருக்கும்."

"அது நீங்கதான் பெரியவரே" என்றாள் பேச்சி. "கண்ணாடில தெரியுது."

ஜீனத் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பேச்சி என் காதுக்கு வந்தாள். "ஆத்தா, உள்ளதச் சொல்லு. இது உசுரோட இருக்கா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

சரியாக நாலு மணிக்குக் காதரின் செல்போன் அடித்தது. வளைகுடாவிலிருந்து பையன். கம்ப்யூட்டரில் ஏன் யாரையும் காணோம் என்று கேட்டானாம். காதர் என்னைப் பார்த்தான். "மிஷின் நின்னுபோச்சு" என்று ஒருவழியாகச் சொன்னேன். பையனின் அம்மா போனை வாங்கி, சாப்பிட்டியா எளைச்சிட்டியா என்று பேசினார். பிறகு, "பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணுங்கிறான்" என்று நீட்டினார்.

காதருக்குச் சங்கடம். தனியாகப் பேசக் கூடாது என்றவன் அவன். ஆனால் கேட்டது சம்பந்தியம்மா, கம்ப்யூட்டரை நம்பி வரச் சொன்னது இவன். "எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் பேசு" என்று கொடுத்தான். அந்தப் போனில் ஸ்பீக்கர் கெட்டுப்போய் ஒரு வருஷம். போதாததற்குத் தகரக் கூரைக்குள் சிக்னல் விட்டு விட்டு வந்தது. ஜீனத் "கேக்கல, கேக்கல" என்றபடியே நகர்ந்து, வாசலைத் தாண்டி, குடோன் படிக்கட்டின் மேல்படிக்குப் போய்விட்டாள். எல்லார் கண் முன்னாலும்தான் நின்றாள். ஒரு வார்த்தை யார் காதிலும் விழவில்லை.

பன்னிரண்டு நிமிஷம் பேசினாள். நடுவில் ஒரு தரம் சிரித்தாள். வந்து போனைக் கொடுத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன் அத்தா" என்றாள். சம்பந்தியம்மா எனக்கும் ஒரு பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதைத் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காதர் பேசி முடிக்கும் முன்னால் உத்தமபாளையத்திலிருந்தே போன் வந்துவிட்டது. பையன் வேண்டாம் என்கிறானாம். "முத முதப் பாக்க உக்காந்தப்பவே மிஷின் நின்னுபோச்சு, மனசுக்குச் சரியாப் படலம்மா" என்றானாம்.

காதர் அன்றைக்கு வந்து வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. "ஏங்க்கா, உன்னைய யாரு அதத் தொடச் சொன்னது? நல்ல எடம். ஒரு பொட்டியால போச்சு." அதன்பின் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. குடோனில் பேச்சி விடவில்லை. "சல்லடையத் தள்ளி வைங்கடி, சுபைதாக்கா பக்கத்துல வர்றாக. நின்னுபோயிரும்" என்பாள்.

மாஷ் திங்கட்கிழமை மலையிறங்கி வந்தார். நடந்ததைச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்றெ கர்த்தாவே. libc-யவா மாத்தினிங்க?"

"ஆமா மாஷ்."

"பலவந்தமாயிட்டு?"

"ஆமா."

பையைத் துழாவினார். பிறகு ஒரு சி.டி.யைப் போட்டு அதிலிருந்து மிஷினை எழுப்பி, பழைய அறுபத்து நாலு libc-யை அதன் இடத்தில் திருப்பி வைத்தார். சாயங்காலத்துக்குள் உயிர் வந்துவிட்டது. அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருக்கலாம், ஆனால் இரண்டு அடுப்பு வேண்டும். முப்பத்திரண்டுக்கு வேண்டிய சாமானைத் தனி அறையில் தனியாக வைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு பொட்டலம் இருக்கிறதாம், அதைப் போட்டிருந்தால் பத்து நிமிஷ வேலையாம். நான் ஓர் அடுப்பை அணைத்துவிட்டு அதே இடத்தில் மற்றதை வைத்துவிட்டேன்.

"பட்சே, அறுபத்து நாலுல முப்பத்திரண்டு ஓடும்னு நினைச்சிங்களே, அது சரிதான்" என்றார் கிளம்பும்போது. (அதை மட்டும் ஊரெல்லாம் சொன்னேன்.)

மாஷ் அந்த முகம் பார்த்துப் பேசுகிற மென்பொருளையும் முறையாகப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் பையனின் அம்மாவுக்கு நானே சொல்லி அனுப்பினேன். சம்பந்தம் போனாலும் மகன் முகம் வேண்டுமே, வந்தார். மகனைப் பார்த்து முக்கால் மணி நேரம் அழுதார். அவன் இளைக்கவில்லை.

அவர் போனபின் ஜீனத் அறைக் கதவைச் சாத்தினாள்.

"மாமி, ஒன்னு சொல்லுவேன். கோச்சுக்கக் கூடாது. அன்னைக்கு அவுககிட்ட, 'இதுக்கு நீங்களாச் சம்மதிச்சீகளா, இல்ல உங்க வீட்டுல சம்மதிச்சாகளா'ன்னு கேட்டேன். அப்புறம், 'பக்கத்துல அம்மா இருக்காகளா?'ன்னாக. இல்ல, நான் படிக்கட்டுல நிக்கிறேன்னேன். 'எனக்கு இப்பக் கல்யாணமே வேணாம், ரெண்டு வருசம் போகட்டும்னேன், யாரும் கேக்கல'ன்னாக. கம்ப்யூட்டர்ல எல்லார் முன்னாடியும்னா சரின்னுதான் தலையாட்டியிருப்பாகளாம். எனக்கும் வேணாம்னேன். அப்பத்தான் சிரிச்சோம்."

"அப்ப மிஷின் நின்னுபோச்சு, மனசுக்குச் சரியாப் படலன்னது?"

"ரெண்டு வீட்டுலயும் யாரையும் நோகடிக்காமச் சொல்ல ஒரு காரணம் வேணும்ல. உங்களத்தான் சொல்லிக்கிருவோம்னு பேசிக்கிட்டோம். மாமி எதுத்துப் பேச மாட்டாகன்னு நான்தான் சொன்னேன்."

கோபம் வந்தது, பத்து நிமிஷம் இருந்தது, போய்விட்டது. அவள் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டாள். நான் ஒழுங்காக ஏற்றியிருந்தால் கேட்டிருக்க முடியாது. மூன்று வருஷம் கழித்துத் தேவாரம் ஊரில் தானே பேசிப் பார்த்துச் சம்மதித்த இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். நன்றாக இருக்கிறாள்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் வேண்டாத சம்பந்தம் எது வந்தாலும், "சுபைதா மாமிய விட்டு ஒரு பொட்டலம் ஏத்தச் சொல்லுங்க" என்று பெண்பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். காதருக்கு மட்டும் அந்தப் பேச்சே ஆகாது. எழுந்து போய்விடுவான். போன வருஷம் அவனுடைய கடைசி மகளை, பெரிய கை ஒன்று பெண் கேட்டு ஆள் விட்டிருந்தது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல முடியாத மனுஷர்கள். ஒருநாள் காலையில் காதர் போன் செய்தான். நலம் விசாரித்தான், மழை விசாரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை அவுக நம்ம வீட்டுக்கு வர்றாக. நீ சும்மா வந்து எங்க கம்ப்யூட்டர்கிட்ட உக்காந்திருக்கியா?"

போனேன். எதையும் தொடவில்லை. அந்தச் சம்பந்தமும் நின்றுபோனது.

இதில் நான் போட்டிருக்கும் எண்களும் பெயர்களும் சரியா என்று விஷயம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். அன்று படிக்கட்டில் பேசியது பன்னிரண்டு நிமிஷமா பதினைந்தா என்பதை ஜீனத்திடம் கேட்டுக்கொள்ளலாம். காதரிடம் மட்டும் கேட்டுவிட வேண்டாம். ஜீனத்தின் அந்தச் சம்பந்தம் நின்றதற்கு அவன் இன்னும் கம்ப்யூட்டர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.